சிறார் வரைந்த நிலப்படங்கள்: பிழையிலிருந்து சான்றுக்கு

ஆய்வுச்சுருக்கம்

சிறார் தம் கையால் வரைந்த நிலப்படங்களைக் கல்வியாளரும் உளவியலாளரும் புவியியலாளரும் கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் எவ்வாறு வாசித்து வந்துள்ளனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடப்பயிற்சியாகவும் பின்னர் மனவளர்ச்சியின் அளவுகோலாகவும் கொள்ளப்பட்ட இப்படங்கள், 1970களில் வாழிடம் குறித்த சான்றுகளாக ஏற்கப்பட்டன. அம்மாற்றத்தினால், சிறார் படத்தில் விடுபட்டிருக்கும் இடத்திற்குக் கற்பிக்கப்பட்ட பொருளும் மாறியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நிலப்படம், சிறார், கல்வி வரலாறு, சென்னை நில அளவைப் பள்ளி, பியாஜே, நடமாட்ட எல்லை

முன்னுரை

ஏழு வயதுக் குழந்தையிடம் தாளும் கரிக்கோலும் தந்து, அது வாழும் ஊரை வரையச் சொன்னால், பெரும்பாலும் வீடு தாளின் நடுவே பெரிதாக நிற்கும். பள்ளி வீட்டை ஒட்டி வந்துவிடும். கடிக்கும் நாய் கட்டப்பட்டிருக்கும் வாசல் பேருந்து நிலையத்தைவிட அகன்றிருக்கும். குழந்தை போயிராத தெருக்கள் இடம்பெறா. இப்படத்தைக் காணும் பெரியவர் மனத்தில் முதலில் எழுவது, இதில் எது தவறு என்னும் வினாவே. இவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை எழுதப் புகுவோர் தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். சிறார் வரைந்த படங்களில் மிகச் சிலவே காப்பகங்களை அடைந்துள்ளன. மணலில் வரைந்தவை அன்றே அழிந்தன. பலகையில் வரைந்தவை மறுநாள் துடைக்கப்பட்டன. எஞ்சியவை பெரும்பாலும் ஆசிரியர் திருத்தியபின் எழுதப்பட்ட தூய படிகள். ஆகவே, குழந்தை என்ன கண்டது என்பதைக் காட்டிலும், குழந்தை கண்டதில் பெரியவர் எதைக் கண்டார் என்பதற்கே சான்றுகள் மிகுதியாக உள்ளன. அச்சான்றுகளையும் கவனத்துடனேயே கையாள வேண்டியுள்ளது.

இரு புள்ளிகளும் ஒரு பள்ளத்தாக்கும்

சிறுவன் தானே நிலப்படம் வரைய வேண்டும் என்ற கருத்துக்குச் செல்வாக்கு மிக்க வடிவம் தந்தது, ழான் ழாக் ரூசோ 1762இல் வெளியிட்ட ‘எமில்’ என்னும் நூல். அதன் மூன்றாம் பகுதியில் எமிலின் புவியியல் இரண்டு புள்ளிகளிலிருந்து தொடங்குகிறது. ஒன்று அவன் வாழும் நகரம். மற்றொன்று தந்தையின் நாட்டுப்புற வீடு. இடைப்பட்ட ஊர்களையும் அருகிலுள்ள ஆறுகளையும் அவன் பின்னர்ச் சேர்த்துக்கொள்கிறான். படத்தில் பிழை இருப்பினும் கேடில்லை என்று ரூசோ கருதினார். பிறர் மாணவர் நிலப்படங்களை அறிவர், தம் மாணவனோ அவற்றை ஆக்குவான் என்பது அவர் கூறிய வேறுபாட்டின் சாரம். எனினும் எமில் கற்பனை மாணவன். அவன் படத்தை எவரும் பார்த்ததில்லை. எமிலுக்கு இணையாக வளர்க்கப்படும் சோஃபிக்கு இத்தகைய படம் வரையும் பாடம் அந்நூலில் வகுக்கப்படவில்லை என்பதும் குறிக்கத்தக்கது.

இக்கருத்தை நடைமுறையில் கொணர்ந்தவர்களுள் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோட்சி முதன்மையானவர். இவெர்தோன் நகரில் அவர் நடத்திய பள்ளியில் பயின்ற லூயி வுல்லியெமென், முதுமையில் அப்பாடமுறையை நினைவுகூர்ந்து எழுதியுள்ளார். ஊரை அடுத்த ஒரு பள்ளத்தாக்குக்கு மாணவர் அழைத்துச் செல்லப்பட்டனர். அதன் சரிவிலிருந்து களிமண்ணைக் கூடைகளில் எடுத்து வந்து, பள்ளியின் நீண்ட மேசைகளில் அப்பள்ளத்தாக்கையே புடைப்பாக வனைந்தனர். மறுமுறை சற்று உயரமான இடத்துக்குச் சென்று பார்த்து வனைந்ததை விரித்தனர். அப்பணி நிறைவுற்ற பிறகே அச்சிட்ட நிலப்படம் அவர்கள்முன் விரிக்கப்பட்டது. அப்பள்ளியை நேரில் கண்டு வியந்தவர்களுள் நவீனப் புவியியலின் முன்னோடியான கார்ல் ரிட்டரும் ஒருவர்.

நிலம், வனைதல், படம் என்னும் இவ்வரிசை மிக எளியது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் தலைகீழாகவே அது நடைமுறையானது. முதலில் அச்சுப்படம் வந்தது, பின்னர் அதனைப் பார்த்து எழுதும் படி வந்தது, நிலம் வரவேயில்லை.

படியெடுக்கும் கைகள்

அமெரிக்காவில் எம்மா வில்லார்டு 1826இல் வெளியிட்ட தொடக்கநிலைப் புவியியல் நூல், மாணவர் தம் சொந்த ஊரை வரைவதிலிருந்தே தொடங்குமாறு பணித்தது. எனினும் அக்காலப் பெண்கள் கல்விக்கூடங்களில் தழைத்தது படியெடுக்கும் கலையே. மிடில்பரி பெண்கள் கல்விக்கூடத்தில் பயின்ற பிரான்சிஸ் ஹென்ஷா 1823இல் எழுதிய ஏடு, இன்று டேவிட் ரம்சி நிலப்படத் தொகுப்பில் உள்ளது. அமெரிக்க மாநிலங்களின் வண்ணப்படங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் அழகிய கையெழுத்தில் அமைந்த ஏடு அது. விளக்க வரிகளைத் திசைகளுக்கேற்பப் பக்கத்தில் சாய்த்தும் வளைத்தும் அடுக்கியிருக்கும் பாங்கில் மட்டும் அம்மாணவியின் தனி மனம் தென்படுகிறது. மாநில எல்லைகள் அச்சுப்படங்களைப் பின்பற்றியவை. நாட்டுப்பற்று, கையெழுத்துத் திறன், பொறுமை ஆகிய மூன்றையும் ஒருசேரப் பயிற்றும் கருவியாக நிலப்படம் அங்குப் பயன்பட்டது.

இளையோர் நிலப்படம் வரைந்ததன் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. கல்வி வரலாற்று நூல்கள் அதனைப் போதிய அளவு கவனிக்கவில்லை. ஐரோப்பியப் படைவீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென எழும்பூரில் ஏற்பட்ட காப்பகத்திற்கு 1789இல் ஆண்ட்ரூ பெல் கண்காணிப்பாளரானார். அவ்வட்டாரப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைக் காப்பகத்தில் புகுத்தினார். பணியாளர் அதற்கு இணங்காதபோது ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே இளையவர்க்குக் கற்பித்தார். ‘சென்னை முறை’ என்று இங்கிலாந்தில் புகழ்பெற்ற கல்விமுறையின் தோற்றம் இதுவே. திண்ணைப்பள்ளி மணல், கடல் கடந்து ஐரோப்பியர் பெயரால் வழங்கலாயிற்று.

அதே காப்பகத்துச் சிறுவர்கள் வேறொரு பணிக்கும் எடுக்கப்பட்டனர். வானியலாளர் மைக்கேல் டாப்பிங், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மலிவான நில அளவையாளரை உருவாக்கும் நோக்குடன், 1794 மே மாதத்தில் எட்டு மாணவர்களைக் கொண்டு அளவைப் பள்ளியைத் தொடங்கினார். கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் தொடக்கமாகக் கொள்வது இப்பள்ளியையே. 1796இல் டாப்பிங் இறந்தபின் ஜான் கோல்டிங்காம் பொறுப்பேற்றார். இங்குப் பயிற்சி பெற்ற இளைஞர்கள், 1799இல் திப்பு வீழ்ந்தபின் காலின் மெக்கன்சி நடத்திய மைசூர் அளவைப் பணியில் உதவியாளராகச் சென்றனர். ஏரிகளையும் ஊர் எல்லைகளையும் மேடுபள்ளங்களையும் தாளில் இறக்கினர். பதின்ம வயதில் சங்கிலியும் கோணமானியும் ஏந்திய இவர்கள் தென்னிந்தியாவை எவ்வாறு கண்டனர்? அவர்கள் வரைந்த படங்களில் இதற்கு விடை கிடைப்பது அரிது. வரைந்தவனின் கண்ணும் காலும் தெரியாமற்போவதே நல்ல அளவைப்படத்தின் இலக்கணம் என அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. தாயின் மண்ணைத் தந்தையின் ஆட்சிக்காக அளந்தவர்களாக இவர்களுள் பலர் இருந்தனர் என்பதால், இம்மௌனம் சாதாரணமானதன்று.

தமிழில் அச்சான தொடக்ககாலப் புவியியல் நூல்களுள் ஒன்றான ரேனியசின் ‘பூமி சாஸ்திரம்’ 1832இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு பள்ளிகளில் பூகோளப் பாடம் பரவிய முறையை இங்கு விரிக்க இடமில்லை. இன்று தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தேர்வில் எல்லைக்கோடு முன்னரே அச்சிடப்பட்ட நிலப்படம் தரப்படுகிறது; மாணவர் அதில் ஆற்றையும் மலையையும் துறைமுகத்தையும் குறிக்கின்றனர். புவியியல் அறிவைச் சோதிக்க இது போதுமானதே. எனினும் இதனைச் சிறார் வரைந்த நிலப்படம் என்று கூறுவதற்கில்லை.

இங்கிலாந்தில் 1930களில் டட்லி ஸ்டாம்ப் நடத்திய நிலப்பயன்பாட்டு அளவையில் ஏராளமான பள்ளி மாணவர்கள் வயல் வயலாகச் சென்று, எது உழுநிலம், எது மேய்ச்சல் நிலம் என்று படத்தாள்களில் குறித்தனர். இரண்டாம் உலகப்போரின்போது உணவு உற்பத்தியைத் திட்டமிட அப்படங்கள் பயன்பட்டன. மாணவர் நிலத்தில் நடந்தனர் என்னும் வகையில் இது பெஸ்டலோட்சியின் மரபை ஒட்டியது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஸ்டாம்பின் குறியீட்டுப் பட்டியலே முடிவு செய்தது.

ஜெனீவாவின் மணல் தட்டு

சிறார் படத்தின் பிழையையே ஆய்வுப்பொருளாக்கியவர் ஜெனீவாவின் ழான் பியாஜே. அவரும் பேர்பல் இன்ஹெல்டரும் இடம் குறித்த குழந்தையின் உருவாக்கத்தைப் பற்றி எழுதிய நூல் 1948இல் வந்தது. அதே ஆண்டில் அலினா செமின்ஸ்காவும் இணைந்து எழுதிய வடிவியல் பற்றிய நூலும் வெளியாயிற்று. இரண்டாம் நூலில் விளக்கப்படும் ஒரு சோதனை இவ்வாய்வுக்கு நெருக்கமானது. ஈர மணல் பரப்பிய தட்டும் மரத்தாலான சிறு கட்டடங்களும் குழந்தையிடம் தரப்பட்டன. பள்ளியையும் சுற்றுப்புறத்தையும் அதில் அமைக்கவும், பள்ளியிலிருந்து செல்லும் வழியை மணலிலோ தாளிலோ வரையவும் கேட்டனர். பின்னர்ப் பள்ளிக் கட்டடத்தை அரைவட்டம் திருப்பிவைத்து, மற்றவற்றை எவ்வாறு மாற்ற வேண்டும் என்று வினவினர்.

சிறு குழந்தைகள் வழியைத் தம் நடையாகவே நினைவில் வைத்திருந்தனர். இங்கே திரும்புவேன், அங்கே போவேன் என்று செயல்களை அவர்களால் சொல்ல முடிந்தது. இடங்களை ஒன்றோடொன்று பொருத்த முடியவில்லை. அகவை கூடக் கூடச் சிறு சிறு பகுதிகள் ஒழுங்குற்றன. ஏறத்தாழ ஒன்பது, பத்து வயதில் முழுப்பரப்பும் ஒரே ஒழுங்கில் இணைந்தது. அண்மை, சூழ்வு போன்ற உறவுகளை முதலில் அறியும் குழந்தை, நோக்குநிலையையும் பின்னர் யூக்ளிடிய அளவையும் எய்துகிறது என்பது பியாஜேயின் முடிபு.

சிறார் தவறுகளில் ஒழுங்குண்டு, அவை சோம்பலாலோ மந்தத்தாலோ விளைந்தவை அல்ல என்று காட்டியது இவ்வாய்வின் பெருந்தொண்டு. அதே வேளையில், படத்தைப் படிப்பவரின் பார்வை தாளைக் கடந்து குழந்தையின் மண்டைக்குள் சென்றது. அது நடந்த தெரு ஆய்விலிருந்து நழுவியது. அத்தெரு அகலமானதா, இருண்டதா, யாருடையது என்பன ஜெனீவாவில் கேட்கப்படாத கேள்விகள்.

பியாஜேயின் படிநிலைகளை முதலில் வன்மையாக மறுத்தவர்களுள் புவியியலாளர் ஜேம்ஸ் பிளாட் குறிப்பிடத்தக்கவர். அவரும் உடனாய்வாளரும் மாசசூசெட்சிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் வான்வழி ஒளிப்படங்களைக் காட்டினர். நிலப்படம் பற்றி எதுவும் கற்பிக்கப்படாத ஆறு வயதினர் அதில் கூரையையும் சாலையையும் இனங்கண்டனர். அவற்றின்மீது தாளிட்டுக் கோடிழுத்து வழியும் கண்டுபிடித்தனர். வானூர்தியிலிருந்து நிலத்தை ஒருபோதும் காணாத குழந்தைக்கு இத்திறன் எங்கிருந்து வந்தது? பொம்மை வீடும் பொம்மை வண்டியும் வைத்து விளையாடும்போது குழந்தை மேலிருந்தே உலகைக் காண்கிறது என்பது பிளாட்டும் டேவிட் ஸ்டேயாவும் முன்வைத்த விளக்கம். இவ்வாதம் முற்றுப்பெறவில்லை, ரோஜர் டவுன்சும் லின் லிபனும் பியாஜேக்குச் சார்பாக 1990களிலும் பிளாட்டுடன் வழக்காடினர். படத்தை இனங்காண்பதும் படத்தின் இலக்கணத்தை விளங்கிக்கொள்வதும் வேறு வேறு என்னும் அவர்கள் மறுப்பு வலுவுடையது. ஆயினும் சிறார் படம் ‘இன்னும் வராத’ ஒன்றின் அடையாளம் மட்டுமே என்னும் நம்பிக்கை, பிளாட்டின் ஆய்வுக்குப்பின் முன்போல நிலைபெறவில்லை.

பார்க்கர் தெருவின் அகலம்

பிளாட்டின் கட்டுரை வந்த 1970ஆம் ஆண்டிலேயே, அதே ஆய்விதழில், ஃபுளோரன்ஸ் லாட் எழுதிய மற்றொரு கட்டுரையும் வெளிவந்தது. கெவின் லிஞ்ச் 1960இல் வெளியிட்ட ‘நகரத்தின் உருவம்’ என்னும் நூல், நகரவாசிகளை நினைவிலிருந்து படம் வரையச் செய்து நகரை ஆராயும் முறையை ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தது. லாட் அம்முறையைப் பாஸ்டனின் கறுப்பினச் சிறுவர்களிடம் கொண்டுசென்றார். தம் குடியிருப்புப் பகுதியை வரையச் சொல்லி, அவர்கள் பேசியதையும் ஒலிநாடாவில் பதிவு செய்தார்.

அப்படங்களுள் சிலவற்றைப் பீட்டர் கூல்டும் ரோட்னி வைட்டும் 1974இல் எழுதிய ‘மனப்படங்கள்’ நூலில் எடுத்தாண்டனர். அதன்பின் அவை பரவலாக அறியப்பட்டன. ஒரு சிறுவனின் படத்தில் அவன் வீட்டையும் பள்ளியையும் சுற்றியுள்ள தெருக்கள் நுணுக்கமாக உள்ளன. பார்க்கர் தெருவுக்கு அப்பால், வெள்ளையர் வாழ்ந்த மிஷன் ஹில் குடியிருப்பு இருக்க வேண்டிய இடத்தில், படத்திலேயே மிகப்பெரிய பரப்பு ஒன்றும் எழுதப்படாமல் விடப்பட்டுள்ளது. அங்குச் செல்ல அவன் அஞ்சினான். ஒருமுறையும் அதன் அருகே போனதில்லை என்பது அவன் பேச்சிலிருந்து தெரிந்தது. வேறொரு சிறுவன் பார்க்கர் தெருவையே தாளின் கால்பங்கு அகலத்திற்கு வரைந்துவிட்டான். மூன்றாமவன் நகரின் பெயர்பெற்ற லத்தீன் பள்ளிக்கு நாள்தோறும் தொலைவு கடந்து சென்று வந்தவன். அவன் படம் விரிந்தது, கல்வி நிறுவனங்கள் அதில் வரிசையாக இடம்பெற்றன, தெருவும் குறுகியது.

இம்மூன்று படங்களையும் ஹென்ஷாவின் ஆசிரியர் பார்த்திருந்தால் முதலிரண்டையும் திருப்பிக் கொடுத்திருப்பார். பியாஜேயின் அளவுகோலில் வைத்தால், பதின்ம வயதை எட்டியோர் அளவுவிகிதத்தில் ஏன் தவறுகின்றனர் என்ற புதிர் எழும். லாட்டின் வாசிப்பிலோ தவறு தாளில் இல்லை. தெருவின் அகலம் அடிக்கணக்கில் பிழையானது. கடப்பதன் கடினத்தால் அளந்தால் சரியானது. ஊர் ஒருபுறமும் சேரி மறுபுறமுமாகப் பிரிந்த குடியிருப்புகளை அறிந்த தமிழ் வாசகருக்கு, இருபதடித் தெரு எவ்வளவு அகலமாக இருக்கக்கூடும் என்பதை விளக்கத் தேவையில்லை.

லாட் காட்டியது அச்சத்தின் எல்லை. அனுமதியின் எல்லையை அளந்தவர் ரோஜர் ஹார்ட். வெர்மான்ட் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், 1970களின் தொடக்கத்தில், அவர் 86 சிறாருடன் பழகி, அவர்கள் பின்னே நடந்து, அவர்கள் அமைத்த மாதிரிகளையும் வரைந்த படங்களையும் திரட்டினார். இவ்வாய்வு 1979இல் நூலானது. பெற்றோரிடம் கேளாமல் போகலாகும் தொலைவு, கேட்டுவிட்டுப் போகலாகும் தொலைவு, பிறருடன் மட்டுமே போகலாகும் தொலைவு என அவர் நடமாட்ட எல்லையைப் பகுத்தார். ஆண்பிள்ளைகளின் எல்லை பெண்பிள்ளைகளின் எல்லையைவிட மிக விரிந்திருந்தது. வீட்டுவேலையும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் பெண்பிள்ளைகளை வாசலோடு நிறுத்தின. விதியை மீறும் மகனைத் தாய் கண்டும் காணாதிருந்தார். மகள் வகையில் அத்தளர்ச்சி குறைவு. இடம் பற்றிய ஆற்றலில் ஆண்களே மேம்பட்டவர் என்று பேசிய அக்கால உளவியலுக்கு, இது கவனமாக எண்ணிப் பார்க்க வேண்டிய தரவு. சிறுமி வரைந்த சிறிய ஊர், அவளுக்கு அளிக்கப்பட்ட ஊரின் அளவே. பல்லாண்டுகளுக்குப் பின் ஹார்ட் அவ்வூருக்கு மீண்டும் சென்றார். தாம் அறிந்த சிறார் பெற்றோராகியிருந்தனர். குற்றங்கள் பெருகாத அந்த ஊரிலும், தாம் சுற்றித் திரிந்த இடங்களுக்குத் தம் மக்களை அவர்கள் தனியே அனுப்பவில்லை.

படத்திலிருந்து நகராட்சிக்கு

சிறார் படம் சான்றாகும் எனின், அச்சான்றை யார் ஏற்பது என்பது அடுத்த வினா. லிஞ்ச் யுனெஸ்கோவின் ஆதரவில் நடத்திய ஆய்வு ‘நகரங்களில் வளர்தல்’ என 1977இல் நூலானது. மெல்பர்ன், வார்சா, கிராக்கோ, சால்டா, டொலுக்கா, மெக்சிகோ நகரம் ஆகியவற்றின் சிறார் அதில் பங்கேற்றனர். அர்ஜென்டினாவின் சால்டாவில் வறிய குடியிருப்பொன்றின் பிள்ளைகள் தம் இடத்தைப் பற்றி நம்பிக்கையுடன் பேசினர். விளையாட்டுத் திடல்கள் நிறைந்த மெல்பர்ன் புறநகரின் பிள்ளைகளோ சலிப்புற்றிருந்தனர். இம்முடிவு நகரத் திட்டமிடுவோருக்கு உவப்பாக இல்லை. நூல் பாராட்டப்பட்டது, நகரங்கள் மாறவில்லை.

1990களின் நடுவில் லூயிஸ் சாவ்லா இத்திட்டத்திற்குப் புத்துயிர் அளித்தபோது பெங்களூரின் சத்யாநகரும் அதில் சேர்ந்தது. குடிநீருக்கும் கழிவகற்றலுக்கும் வசதி குறைந்த அக்குடியிருப்பில் டேவிட் டிரிஸ்கெல்லும் உடனாய்வாளரும் சிறாரின் படங்கள், நடைகள், பேச்சுகள் ஆகியவற்றைத் தொகுத்தனர். சால்டாவில் கண்டதே இங்கும் வெளிப்பட்டது. தோழரும் திருவிழாவும் திறந்த வாசல்களும் கொண்ட அவ்விடத்தைச் சிறார் விரும்பினர். நீரையும் கழிவையும் பற்றிக் குறைகூறினர். இம்முடிவை வறுமையின் புகழ்ச்சியாகத் திரிக்கும் போக்கும் தோன்றாமலில்லை. விரும்புவதும் குறைகூறுவதும் ஒரே குழந்தை என்பதை அவ்வாசிப்பு மறந்துவிடுகிறது.

கொல்கத்தாவின் ரிஷி அரவிந்தர் காலனியில் நிகழ்ந்தது சற்று வேறு. நகரின் படங்களில் இடம்பெறாத அக்குடியிருப்பின் சிறார் வீடு வீடாகச் சென்று எண்ணித் தாமே படம் வரைந்தனர். போலியோ சொட்டுமருந்துப் பணிக்கு அது உதவியது. 2013இல் வெளியான ‘தி ரெவல்யூஷனரி ஆப்டிமிஸ்ட்ஸ்’ என்னும் ஆவணப்படம் அவர்கள் குடிநீர்க் குழாய்க்காக முயன்றதைப் பதிவு செய்துள்ளது. லாட்டின் சிறுவன் தான் காணாததை வெறுமையாக விட்டான். இச்சிறார், நகரம் காணாது விட்ட வெறுமையை நிரப்பினர்.

பன்னாட்டு நிலப்படவியல் கழகம் 1993 முதல் பார்பரா பெச்செனிக் நினைவாகச் சிறாருக்கென உலகப்பட ஓவியப் போட்டியை ஈராண்டுக்கு ஒருமுறை நடத்திவருகிறது. நடுவர் விரும்பும் உலகம் எது என்பதைச் சிறார் நன்கறிவர் என்னும் எச்சரிக்கையுடனேயே அத்தகைய போட்டிப் படங்களை ஆய்வுக்குப் பயன்படுத்த இயலும்.

சாவ்லாவின் திட்டத்தில் இடம்பெற்ற மற்றோர் இடம் ஜோகன்னஸ்பர்க் நகரின் நடுவே இருந்த கானான்ஸ்லேண்ட். மனையுரிமை இல்லாத குடும்பங்கள் குடிசையிட்டு வாழ்ந்த அவ்விடத்துச் சிறாருடன் ஜில் சுவார்ட் குரூகர் பணியாற்றினார். தம் குடிசைகளையும் நடமாடும் இடங்களையும் அவர்கள் வரைந்தனர்; அஞ்சும் இடங்களையும் வேண்டும் வசதிகளையும் எடுத்துரைத்தனர். 1997இல் நடந்த பயிலரங்கில் நகர மேயரின் முன்னிலையிலேயே தம் முடிவுகளை முன்வைத்தனர். அதன்பின் அதிக காலம் செல்லவில்லை. கானான்ஸ்லேண்ட் அகற்றப்பட்டது, குடும்பங்கள் நகருக்கு வெளியே வெகுதொலைவிலுள்ள தூலா ம்ன்ட்வானாவுக்கு அனுப்பப்பட்டன. சிறார் வரைந்து காட்டிய ஊர் அந்த இடத்தில் இல்லை; புதிய ஊரில் அவர்கள் மீண்டும் முதற்புள்ளியிலிருந்து வழியறியத் தொடங்கினர்.